மதீரா தீவுக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதீரா எங்கே இருக்கிறது?

அட்லாண்டிக் கடலுக்கு நடுவில். போர்ச்சுகல் நாட்டுக்குச் சொந்தமான தீவு, 1976-லிருந்து தன்னாட்சிப் பகுதி. லிஸ்பனிலிருந்து தென்மேற்கே கிட்டத்தட்ட 1000 கி.மீ.; மொராக்கோ கரை அதைவிடப் பக்கம். 1419-ல் போர்ச்சுகீசிய மாலுமிகள் வந்து இறங்கும்வரை மனிதர்கள் குடியிருக்காத இடம். இன்று சுமார் இரண்டரை லட்சம் பேர் வாழ்கிறார்கள், அதில் ஒரு லட்சம் பேர் தலைநகர் ஃபுன்ஷாலில் மட்டும்.

திட்டம் போடுகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது தீவின் அளவு. நீளம் 57 கி.மீ., அகலம் 22 கி.மீ.தான். அந்த அகலத்துக்குள்ளேயே பிக்கோ ருய்வோ சிகரம் 1862 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. எரிமலையால் உண்டான தீவு, அதனால் சமதளம் என்பதே அபூர்வம். வரைபடத்தில் பத்து கி.மீ. என்று தெரிவது நடைமுறையில் ஏற்றம், இறக்கம், சுரங்கம், கொண்டை ஊசி வளைவு எல்லாம் சேர்ந்ததாக இருக்கும்.

வெயில் தீவு என்கிறார்களே, கடற்கரையில் படுத்து ஓய்வெடுக்க வரலாமா?

அதற்கு மட்டும்தான் என்றால் வேண்டாம். மணல் கடற்கரை இங்கே மிகக் குறைவு. பெரும்பாலும் கூழாங்கல் அல்லது நேராகக் கடலுக்குள் இறங்கும் பாறைதான். கல்யேட்டாவில் மஞ்சள் மணல் உண்டு, ஆனால் அது வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. வடக்கே செய்ஷாலில் இயற்கையான கருமணல் கடற்கரை இருக்கிறது, சின்னது, பின்னால் பச்சை மலைச்சுவர் செங்குத்தாக நிற்க, பார்க்க அபாரமாக இருக்கும்.

நீந்த ஆசைப்படுபவர்கள் போர்ட்டோ மோனிஸ் போகலாம். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறைக் குளங்களுக்குள் கடல் தண்ணீர் வந்து நிரம்பும், கட்டணம் சிறியதுதான். கடல் கொந்தளிக்கும் நாளில் மூடிவிடுவார்கள். தண்ணீர் குளிர்காலத்தில் 18 டிகிரி, செப்டம்பர் வாக்கில் 23 டிகிரி என்று இருக்கும். வங்கக்கடல் சூட்டுக்குப் பழகிய உடம்புக்கு செப்டம்பரிலும் முதல் முக்கு நடுக்கம்தான்.

எந்த மாதம் போவது நல்லது?

என்னைக் கேட்டால் செப்டம்பர். கடல் ஓரளவு சூடாக இருக்கும், மழைக்காலம் இன்னும் ஆரம்பித்திருக்காது, ஆகஸ்ட் கூட்டமும் வடிந்திருக்கும். இரண்டாவது இடம் ஏப்ரல் கடைசியும் மே மாதமும். பூக்கள் உச்சத்தில் இருக்கும் பருவம், ஃபுன்ஷாலில் மலர்த் திருவிழாவும் அப்போது வரும்.

ஃபுன்ஷாலில் கடுங்குளிர் என்று ஒன்று கிடையாது. ஜனவரியிலும் பகலில் 19, 20 டிகிரி இருக்கும். அதை நம்பித்தான் வடக்கு ஐரோப்பாக்காரர்கள் குளிர்காலம் முழுக்க இங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழை வரும், சில சமயம் கொட்டித் தீர்க்கும். 2010 பிப்ரவரி 20 அன்று வந்த திடீர் வெள்ளத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வானிலைத் துறை எச்சரிக்கை விட்டால் மலைப்பக்கம் போகாதீர்கள்.

ஜூன் மாதத்தைப் பலர் பத்திரமான மாதம் என்று நினைக்கிறார்கள். அந்த மாதத்தில் ஃபுன்ஷாலின் தலைமேல் மேகம் மூடி போட்டமாதிரி உட்கார்ந்துகொள்வது வழக்கம், உள்ளூர்க்காரர்கள் அதற்கு 'தலைக்கவசம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

வானிலை செயலியில் ஏழு நாளும் மழை என்று காட்டுகிறது. டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமா?

வேண்டாம். இந்தத் தீவுக்கு ஒரே ஒரு வானிலை என்று எதுவும் இல்லை, இதைப் புரிந்துகொண்டால் பாதித் திட்டம் முடிந்தது.

காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருகிறது. கடல் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மேகமாகி, வடக்குச் சரிவிலேயே பெரும்பகுதி மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டித் தெற்கே இறங்கும்போது அதில் ஈரம் மிச்சமிருப்பதில்லை. அதனால்தான் வடக்கே சந்தானாவில் தூறலாக இருக்கும் அதே மணி நேரத்தில் தென்மேற்கே கல்யேட்டா பக்கம் வெயில் காய்கிறது. மேகம் பல நாட்களில் மலை இடுப்பளவில்தான் நிற்கும். ஃபுன்ஷாலில் வானம் மூடியிருக்கிறதே என்று அறைக்குள் உட்கார்ந்திருப்பீர்கள், காரை எடுத்துக்கொண்டு 1818 மீட்டரில் இருக்கும் பிக்கோ டோ அரியேரோவுக்கு ஏறினால் மேகத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து நீல வானத்தின் கீழ் நிற்பீர்கள், மேகம் காலுக்குக் கீழே கடல்போலப் பரந்து கிடக்கும். நேர்மாறாகவும் நடக்கும்: கீழே வெயில், மேலே பத்தடிக்கு அப்பால் தெரியாது.

எனவே திங்கள் இது, செவ்வாய் அது என்று கிழமைவாரியாகத் திட்டம் போடாதீர்கள். போக வேண்டிய இடங்களின் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தீவு முழுக்க நேரலை கேமராக்கள் வைத்திருக்கிறார்கள், அரியேரோ, போர்ட்டோ மோனிஸ், பவுல் டா செர்ரா என்று எல்லா இடத்தையும் காலையில் எழுந்ததும் கைபேசியில் பார்க்கலாம். எங்கே வெளிச்சம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கிளம்புங்கள். முழுத் தீவும் மூடியிருந்தால் ஃபனாலுக்குப் போய்விடுங்கள். பல நூற்றாண்டு வயதான, முறுக்கிக்கொண்டு பாசி படர்ந்து நிற்கும் மரங்கள் உள்ள மேட்டுநிலம் அது. மூடுபனி இருந்தால்தான் அந்த இடத்துக்கே அழகு.

லெவாடா, லெவாடா என்கிறார்களே, அது என்ன?

நீர்ப்பாசன வாய்க்கால். மழை பெய்வது வடக்கிலும் மலைமேலும். பயிர் செய்யத் தோதான வெயில் நிலம் தெற்கில். குடியேறிய காலத்திலிருந்தே இந்தப் பிரச்சினைக்குத் தீர்வாக மலையைக் குடைந்தும் பாறை விளிம்பைச் செதுக்கியும் வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள், மொத்த நீளம் 2000 கி.மீ.க்கும் மேல். முதலில் கரும்புக்காக, பிறகு திராட்சை, வாழை. தண்ணீர் இன்றும் ஓடுகிறது. முறை வைத்து யார் நிலத்துக்கு எப்போது என்று மடை திறந்துவிட லெவாதெய்ரு என்று தனி ஆள் உண்டு, நம் ஊர் நீர்க்கட்டி பார்க்கிற அதே வேலை.

வாய்க்காலைப் பராமரிக்க அதன் ஓரமாகவே ஒற்றையடிப் பாதை போட்டிருக்கிறார்கள். அந்தப் பாதைதான் இப்போது உலகம் முழுவதிலிருந்தும் ஆட்களை இழுக்கிறது. தண்ணீர் மெதுவாக ஓட வேண்டும் என்பதால் சரிவு மிகக் குறைவு, அதனால் மலைக்குள்ளேயே போகிறோம், ஆனால் ஏறுகிற களைப்பு தெரியாது. நடக்கும் காடும் சாதாரணமானதில்லை. லாரிசில்வா என்னும் இந்தக் காடு முன்னொரு காலத்தில் தெற்கு ஐரோப்பாவில் பரவலாக இருந்து, பருவநிலை மாறியபோது அங்கே அழிந்து இந்தத் தீவுகளில் தப்பிய வகை. இலைகள் மூடுபனியிலிருந்து ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகின்றன, வாய்க்காலுக்கு வரும் நீரில் அதுவும் சேர்த்தி. 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சரி, பயம்? ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். நிறைய இடங்களில் கம்பி வேலி கட்டியிருக்கிறார்கள், எல்லா இடத்திலும் இல்லை. பாதை சில இடங்களில் ஒரு ஆள் போகும் அகலம்தான். எதிரே ஆள் வந்தால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதீர்கள், வாய்க்கால் சுவர்ப் பக்கமாக ஏறி நின்று வழி விடுங்கள். உயரத்தைப் பார்த்தால் தலை சுற்றும் ஆட்கள் வழியைத் தேர்ந்தெடுத்துத்தான் போக வேண்டும்.

எந்தப் பாதையில் போகலாம்? கூட வயதான அம்மா அப்பாவும் குழந்தையும் வருகிறார்கள்.

அவர்களோடு என்றால் ரிபெய்ரோ ஃப்ரியோவிலிருந்து பால்கோய்ஸ் காட்சிமேடை வரை. ஒரு பக்கம் ஒன்றரை கி.மீ., ஏறக்குறைய சமதளம், அகலமான பாதை, முடிவில் மத்திய மலைத்தொடர் முழுக்கத் தெரியும். சின்னப் பறவைகள் பயமில்லாமல் பக்கத்தில் வந்து உட்காரும், தீனி போடாதீர்கள்.

நன்றாக நடப்பவர்களுக்கு கெய்மடாஸிலிருந்து கால்டெய்ராவ் வெர்டே. போக ஆறரை கி.மீ., வர ஆறரை. நடுவில் இருட்டுச் சுரங்கங்கள், குனிந்து போக வேண்டும், டார்ச் கட்டாயம், கைபேசி வெளிச்சம் போதாது. கடைசியில் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவி. ரபசாலில் தொடங்கும் '25 ஊற்றுகள்' பாதை ரொம்பப் பிரபலம், கூட்டமும் அப்படியே. விடிந்ததும் போய்விடுங்கள் அல்லது பிற்பகல் மூன்றுக்கு மேல் போங்கள்.

லெவாடா இல்லாமல் மலைப்பாதையே வேண்டும் என்றால் அரியேரோவிலிருந்து பிக்கோ ருய்வோ வரை போகும் பாதை, ஒரு வழி 7 கி.மீ. படிக்கட்டும் சுரங்கமும் கத்திமுனை விளிம்புமாகப் போகும், முட்டியைப் பிடுங்கிவிடும். 2024 ஆகஸ்டில் மத்திய மலைப்பகுதியில் காட்டுத்தீ பரவியது, அதன் பிறகு இந்தப் பாதையின் பகுதிகள் நீண்ட காலம் மூடிக்கிடந்தன. எனவே எந்தப் பாதையானாலும் கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று வனத்துறையின் இணையப் பட்டியலைப் பாருங்கள். மழைக்குப் பிறகு பாறை சரிந்து திடீரென்று மூடுவது இங்கே அன்றாடச் செய்தி. 'மூடப்பட்டுள்ளது' பலகையைத் தாண்டிப் போகும் புத்திசாலிகளை நீங்களும் பார்ப்பீர்கள், பின்தொடர வேண்டாம்.

கிழக்கு முனையான பொன்டா டெ சாவ் லொரென்ஸோவில் மரமே கிடையாது. சிவப்பும் மஞ்சளுமான வெற்றுப் பாறை, இரண்டு பக்கமும் கடல். போய்வர மூன்று மணி நேரம், தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைபாதைக்குக் கட்டணம் உண்டா?

உண்டு. அரசு வகைப்படுத்திப் பட்டியலிட்ட பாதைகளுக்கு 2025-லிருந்து வெளியூர்க்காரர்களிடம் வாங்குகிறார்கள். தொகை பாதைக்குப் பாதை மாறும், வருடத்துக்கு வருடமும் ஏறுகிறது. சிம்ப்லிஃபிகா என்ற அரசு இணையதளத்தில் முன்கூட்டியே கட்டிவிடுங்கள், பாதையில் வந்து சோதிப்பார்கள்.

விமானம் இறங்குவது ஆபத்து என்று காணொளிகளில் பார்த்தேன். உண்மையா?

ஆபத்து என்பதைவிடத் தாமதம் என்று சொல்லுங்கள். விமான நிலையம் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலைமேல் மோதிப் புரளும் காற்று ஓடுபாதையின்மேல் சுழலும். 1964-ல் திறந்தபோது ஓடுபாதை 1600 மீட்டர்தான். 1977 நவம்பரில் மழையில் இறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் விழுந்ததில் 131 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் நீட்டிக்கத் தொடங்கினார்கள், 2000-ல் 2781 மீட்டர் ஆனது. நீட்டிய பகுதி நிலத்தில் இல்லை, கடலோரத்தில் சுமார் 180 கான்கிரீட் தூண்கள்மேல் நிற்கிறது. கீழே ரோடு போகிறது, விளையாட்டுத் திடலும் இருக்கிறது. ஃபுன்ஷாலில் பிறந்த கிறிஸ்டியானோ ரொனால்டோ பெயரை 2017-ல் வைத்தார்கள்.

இன்று இங்கே இறக்கும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி கட்டாயம், காற்றின் வேகத்துக்கு உச்சவரம்பு உண்டு. வரம்பைத் தாண்டினால் வட்டமடித்துப் பார்ப்பார்கள், குறையாவிட்டால் பக்கத்துத் தீவான போர்ட்டோ சான்டோவுக்கோ கானரித் தீவுகளுக்கோ லிஸ்பனுக்கோ திருப்பிவிடுவார்கள். பாதுகாப்பு என்கிற கணக்கில் இது நல்ல செய்தி, பயணத் திட்டத்துக்குத்தான் அடி.

அதனால் இரண்டு விஷயம். லிஸ்பனிலிருந்து நீண்டதூர விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் குறைந்தது ஒரு நாள் முன்பே தீவைவிட்டுக் கிளம்பிவிடுங்கள், அந்த இரவு லிஸ்பனில் தங்குங்கள். அல்லது முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். அப்போது இணைப்பு விமானம் தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. காற்றால் ரத்தானால் ஐரோப்பிய விதிப்படி நஷ்டஈடு கிடைக்காது, ஆனால் சாப்பாடும் தங்கும் இடமும் விமான நிறுவனம்தான் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள், ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

விசா? எப்படிப் போய்ச் சேர்வது?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா போதும், தீவுக்கென்று தனியாக எதுவும் இல்லை. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு, தள்ளிப்போடாதீர்கள். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரிட்டனில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை இருந்தாலும் பாஸ்போர்ட் இந்தியாவோ இலங்கையோ என்றால் விசா வேண்டும். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ் குடியிருப்பு அட்டை இருந்தால் வேண்டாம்.

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. துபாய் அல்லது ஏதாவது ஒரு ஐரோப்பிய நகரம் வழியாக லிஸ்பன், அங்கிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம். லண்டன்காரர்களுக்கு நேர் விமானம், சுமார் நான்கு மணி நேரம்.

கார் எடுக்க வேண்டுமா?

ஃபுன்ஷாலுக்குள் தேவையே இல்லை, தொல்லை. நகரப் பேருந்து, மஞ்சள் டாக்சி, போல்ட், ஊபர் எல்லாம் இருக்கின்றன. தீவைச் சுற்ற வேண்டும் என்றால் மூன்று நான்கு நாளுக்கு எடுங்கள். வண்டி வலதுபக்கம் ஓட்டும் நாடு, சர்வதேச ஓட்டுநர் உரிமமும் கையில் இருக்க வேண்டும். விலையைப் பார்த்துக் குட்டி இன்ஜின் வண்டி எடுத்தால் முதல் ஏற்றத்திலேயே தெரிந்துவிடும், நான்கு பேரும் பெட்டியும் ஏறியதும் முதல் கியரில் முனகும். செங்குத்துச் சரிவில் நிறுத்திக் கிளப்பப் பயமாக இருந்தால் ஆட்டோமேட்டிக் கேட்டு வாங்குங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு செய்யுங்கள்.

சுரங்கப்பாதைகள் வந்தபின் தூரம் சுருங்கிவிட்டது, ஃபுன்ஷாலிலிருந்து போர்ட்டோ மோனிஸ் சுமார் ஒரு மணி நேரம்தான். கூகுள் மேப் காட்டும் குறுக்குவழிகளை மட்டும் நம்பாதீர்கள், பழைய மலைச்சந்துக்குள் கொண்டுபோய்விடும்.

எங்கே தங்குவது?

முதல் தடவை, கார் இல்லை: ஃபுன்ஷால். பதிவு செய்யும் முன் வரைபடத்தில் உயரத்தைப் பாருங்கள், 'நகர மையத்திலிருந்து 800 மீட்டர்' என்பது 800 மீட்டர் ஏற்றமாகவும் இருக்கலாம். வெயில் முக்கியம், கார் இருக்கிறது: தென்மேற்கில் பொன்டா டோ சோல், கல்யேட்டா பக்கம். வடக்குக் கரை அழகுதான், ஆனால் ஒரு வாரம் முழுக்க அங்கேயே என்றால் மழையோடு குடித்தனம் செய்ய மனம் வேண்டும். ஃபுன்ஷாலில் ஒரு இரவுக்கு ஆளுக்கு 2 யூரோ சுற்றுலா வரி தனி.

நாள் கணக்கில் ஏழு போதும். நான்கு நாள் என்றால் மூடுபனியில் இரண்டு போய்விடும்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வார்கள்?

சமாளிக்கலாம், ஆனால் கேட்டுக் கேட்டுத்தான். போலோ டோ காகோ என்ற தட்டையான ரொட்டியைச் சூடாகப் பூண்டு வெண்ணெய் தடவித் தருவார்கள், எங்கும் கிடைக்கும், அலுக்காது. மிலியோ ஃப்ரிட்டோ என்பது சோளமாவைக் கிண்டி ஆறவைத்துத் துண்டாக வெட்டிப் பொரிப்பது. பழைய முறையில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, விசாரியுங்கள். கருப்பாக இருக்கும் தேன் கேக்கும் அப்படியே. அதில் இருப்பது தேனீயின் தேன் இல்லை, கரும்புப் பாகு. ஆனால் பாரம்பரியச் செய்முறையில் கொழுப்பு உண்டு. காய்கறி சூப் என்று வருவதில் மாமிசத் துண்டு மிதக்கலாம். 'சேம் கார்னெ, சேம் பெய்ஷெ' என்று சொல்லுங்கள், இறைச்சியும் மீனும் இல்லாமல் என்று புரியும். சமையலறை உள்ள வீடு எடுத்தால் பாதிக் கவலை போச்சு, சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, காய் எல்லாம் கிடைக்கும்.

அசைவக்காரர்களுக்கு விருந்துதான். எஸ்பாடா என்னும் கருப்பு வாளை மாதிரியான ஆழ்கடல் மீன், ஆயிரம் மீட்டர் ஆழத்துப் பக்கம் பிடிப்பது. அதை வறுத்து மேலே வாழைப்பழம் வைத்துத் தருவார்கள். வினோதமாகத் தோன்றும், ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள். பெயர் கிட்டத்தட்ட அதேபோல இருக்கும் எஸ்பெடாடா வேறு, அது லாரல் குச்சியில் கோத்துச் சுட்ட மாட்டிறைச்சி. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் மெனுவில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஃபுன்ஷால் சந்தையில் விதவிதமான பேஷன் பழங்கள் இருக்கும், சுவை பார்க்கத் தருவார்கள், சில கடைகளில் விலை கண்ணைக் கட்டும். எடை போடும் முன் கிலோ எவ்வளவு என்று கேளுங்கள்.

பொன்ச்சா குடிக்கலாமா?

கரும்புச் சாராயம், தேன், எலுமிச்சை. ஜூஸ் மாதிரி இறங்கும், எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். கார் சாவி உங்களிடம் இருந்தால் வேண்டாம்.

கூடை வண்டிச் சவாரி காசுக்கு உண்டா?

ஃபுன்ஷாலிலிருந்து கேபிள் காரில் மோன்டேவுக்கு ஏறி, அங்கிருந்து பிரம்புக் கூடை இருக்கையில் உட்கார்ந்து தார் ரோட்டில் சறுக்கிக்கொண்டு இரண்டு கி.மீ. இறங்குவது. வெள்ளை உடையும் ஓலைத் தொப்பியும் போட்ட இரண்டு பேர் பின்னால் நின்று காலால் பிரேக் போடுவார்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும், விலை அதிகம், ஆனால் குழந்தைகள் ஆயுசுக்கும் பேசுவார்கள். இறக்கிவிடும் இடம் நகர மையம் இல்லை, பாதி வழிதான். மிச்சத்துக்கு டாக்சி அல்லது நடை. மோன்டே தேவாலயத்தையும் எட்டிப் பாருங்கள், ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசர் முதலாம் கார்ல் நாடுகடத்தப்பட்டு இங்கே வந்து 1922-ல் இறந்தார், கல்லறை உள்ளே இருக்கிறது.

போர்ட்டோ சான்டோவுக்கும் போகலாமா?

மணல் வேண்டும் என்றால் அங்கேதான், 9 கி.மீ. நீளத்துக்கு ஒரே மணல். கப்பலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடல் ஆட்டும், வாந்தி வருபவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். ஜனவரியில் கப்பல் பராமரிப்புக்குப் போவது வழக்கம். காலையில் போய் மாலையில் திரும்புவதைவிட ஒரு இரவு தங்குவது மேல்.

பெட்டியில் என்ன வைப்பது?

பிடிப்புள்ள ஷூ, அது இல்லாமல் லெவாடா பக்கம் போகவே வேண்டாம். மழைச் சட்டை, குடை மலைக்காற்றில் நிற்காது. அரியேரோவில் சூரிய உதயம் பார்ப்பதாக இருந்தால் ஆகஸ்டிலும் ஸ்வெட்டர், குளிர்காலத்தில் அங்கே பனியே விழுவதுண்டு. டார்ச். நீச்சல் உடை. இரண்டு ஊசி மெல்லிய சார்ஜர் அப்படியே பொருந்தும், நம் ஊர் மூன்று பின் தடிமன் பிளக் பொருந்தாது, அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஃபோன் போடும்போது நேரம் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி இந்தியாவுக்குப் பின்னால்.